பூச்சிமருந்து எஸ்டர்கள்: அவற்றின் தன்மையும் கையாளும் முறையும்

பயிர்களுக்குப் பூச்சிகளால் விளையும் நஷ்டம் புதிதன்று. புகையிலைக் கஷாயம், மீனெண்ணெய்ச் சோப்பு, வேப்பங்கொட்டைச் சாறு முதலியவற்றைக் கொண்டு முன்னோர் அந்நஷ்டத்தை ஒருவாறு தடுத்து வந்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இவற்றின் இடத்தை ஒருவகை இரசாயனத் திரவங்கள் பிடித்துக்கொண்டன. மாலத்தியான், குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ் என்று கடைகளில் விற்கப்படுவன யாவும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவை பாஸ்பரஸ் கலந்த எஸ்டர்கள் எனப்படும். குறைந்த செலவில் விரைந்து பலன் தருவதால் விவசாயிகள் இவற்றைப் பெரிதும் நாடுகின்றனர். பூச்சியைக் கொல்லும் அதே குணமே மனிதனையும் கொல்லவல்லது என்பதைச் சிலரே மனத்தில் இருத்துகின்றனர்.

புதுச்சேரிக்கு வடமேற்கே, திண்டிவனம் செல்லும் சாலையில் உள்ள கோரிமேட்டில் ஜிப்மர் வைத்தியசாலை இருக்கிறது. 1823-ல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் நிறுவிய வைத்தியப் பள்ளியிலிருந்து வளர்ந்து, 1964-ல் இப்பெயர் பெற்ற ஸ்தாபனம் அது. பாகூர், வில்லியனூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும், எல்லைக்கு அப்பாலுள்ள வானூர், திண்டிவனம், விழுப்புரம், கடலூர்ப் பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் அங்கு வருகின்றனர். பூச்சிமருந்தால் விஷம் ஏறியவர்களும் அவர்களுள் அடங்குவர். வயலிலும் வீட்டிலும் தகுந்த காவல் இருந்தால் அவர்களிற் பலர் கோரிமேட்டுக்குப் போகவேண்டிய அவசியமே நேராது. அக்காவல் இன்னதென்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எஸ்டர் என்பது யாது?

ஓர் அமிலமும் ஒரு சாராயவகைப் பொருளும் நீரை நீக்கிக்கொண்டு ஒன்றோடொன்று இணைவதால் உண்டாகும் பொருள் எஸ்டர் எனப்படும். எஸ்டர்கள் எல்லாம் விஷமல்ல. செக்கில் ஆட்டும் கடலையெண்ணெயும் தேங்காயெண்ணெயும் எஸ்டர்களே. வாழைப்பழத்தின் வாசனைக்குக் காரணமானதும் ஓர் எஸ்டரே. பாஸ்பாரிக் அமிலமும் அதன் இனத்தைச் சேர்ந்த அமிலங்களும் இவ்வாறு இணையும்போது உண்டாகும் சில எஸ்டர்களே கொடிய விஷமாகின்றன.

எண்ணெயுடன் காரத்தைச் சேர்த்துக் காய்ச்சிச் சோப்புச் செய்வதைப் பலர் அறிவர். அங்கே நிகழ்வது எஸ்டரைக் காரம் உடைப்பதே. பாஸ்பரஸ் எஸ்டர்களுக்கும் இக்குணம் உண்டு. எண்ணெயில் எளிதிற் கரையும். பெரும்பாலானவை நீரில் மிகச் சிறிதளவே கரையும். காரம் பட்டால் உடையும். இம்மூன்று குணங்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் கூறப்படும் விதிகளின் காரணம் தானே விளங்கும்.

கடைகளில் விற்பது தனி எஸ்டர் அன்று. சைலீன் போன்ற ஒரு கரைப்பானில் அதைக் கரைத்து, நீருடன் கலக்க உதவும் ஒரு பொருளையும் சேர்த்திருப்பர். ஆகையால்தான் நீரில் ஊற்றியவுடன் அது பால்போல் வெளுக்கிறது. கரைப்பான் தீப்பற்றக்கூடியது. எனவே அடுப்பு, விளக்கு, பீடி, சுருட்டு ஆகியவற்றின் அருகில் இம்மருந்தை வைத்தலும் திறத்தலும் கூடாது.

வரலாறு

ஜெர்மனி தேசத்து இரசாயன நிபுணர் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்பவர் பூச்சிகளைக் கொல்லும் பொருளைத் தேடி ஆராய்ந்து வருகையில், 1936-ல் டாபுன் என்னும் கொடிய நரம்பு விஷத்தைக் கண்டார். அது போர்க்கருவியாகக் கருதப்பட்டு இரகசியமாக வைக்கப்பட்டது. அவரே 1944-ல் பாரத்தியான் என்னும் எஸ்டரைக் கண்டுபிடித்தார். போர் முடிந்தபின் அது பல தேசங்களிலும் பூச்சிமருந்தாகப் பரவியது. எலிகளைக் கொண்டு சோதித்ததில், உடல் எடையில் கிலோவுக்குச் சில மில்லிகிராம் பாரத்தியானே உயிரைப் போக்கப் போதுமானது என்று தெரிந்தது. பின்னர் வந்த மாலத்தியானில் அதற்கு நூறு மடங்குக்கு மேல் தேவைப்பட்டது. மாலத்தியானை விரைவில் உடைத்து வெளியேற்றும் சக்தி மனிதருக்கும் கால்நடைக்கும் உண்டு. பூச்சிகளுக்கு அச்சக்தி குறைவு. இவ்வேற்றுமையே அதன் சிறப்பு. ஆயினும் மாலத்தியானும் அளவு மீறினால் விஷமே.

பாரத்தியானும் மீத்தைல் பாரத்தியானும் இந்தியாவில் விலக்கப்பட்டுவிட்டன. 2018-ல் மத்திய அரசு பிறப்பித்த உத்தரவால் டைகுளோர்வாஸ், பாஸ்பாமிடான், டிரையசோபாஸ் முதலியவையும் 2020-ஆம் ஆண்டு முடிவோடு விலக்கப்பட்டன. பழைய சரக்கு பரணில் இருப்பின் அதை உபயோகித்தல் தகாது. வேளாண் இலாகா அலுவலரிடம் தெரிவித்து அவர் சொற்படி நடக்க வேண்டும்.

சரீரத்தில் இவை செய்யும் வேலை

நரம்பின் நுனியிலிருந்து தசைக்கும் சுரப்பிக்கும் கட்டளையைக் கொண்டு செல்வது அஸிட்டைல்கோலின் என்னும் பொருள். அதுவும் ஓர் எஸ்டரே. கட்டளை போய்ச் சேர்ந்தவுடன் கோலின்எஸ்டரேஸ் என்னும் நொதி அதை உடைத்துவிடுகிறது. வயல் நிறைந்ததும் மடையை அடைப்பதுபோன்ற காரியம் இது. பாஸ்பரஸ் எஸ்டர் சரீரத்துள் புகுந்தால் அந்த நொதியையே பற்றிக்கொண்டு வேலை செய்யவொட்டாமல் தடுக்கிறது. மடை அடைபடாமையால் நீர் வரம்பு மீறிப் பாய்வதுபோல், நரம்பின் கட்டளைகள் ஓயாமல் பாய்கின்றன.

இதன் அடையாளங்கள் இவை: வாயில் எச்சில் வழியும், கண்ணீரும் வியர்வையும் பெருகும், கண்பாவை குண்டூசி முனைபோல் சிறுக்கும், பார்வை மங்கும், வாந்தி, வயிற்றுவலி, பேதி உண்டாகும், மார்பு இறுகி, சளி நிறைந்து, மூச்சுத் திணறும், தோலின்கீழ்த் தசைகள் துடிக்கும், முற்றினால் வலிப்பு கண்டு நினைவு தப்பும். மரணம் பெரும்பாலும் சுவாசம் நிற்பதாலேயே நேரிடுகிறது.

பாரத்தியான், குளோர்பைரிபாஸ் போன்றவை ஈரலில் மாறுதல் அடைந்த பின்னரே முழு விஷமாகின்றன. தோல் வழியே புகுவதற்கும் நேரம் பிடிக்கும். ஆகையால் காலையில் மருந்து அடித்தவனுக்கு மாலையிலோ இரவிலோ தலைவலியும் குமட்டலும் தோன்றுவதுண்டு. இதை வெயிலின் கடுமை என்று எண்ணி, மோர் குடித்துப் படுத்துவிடுவது பெரும் பிழை. மருந்து அடித்த நாளில் தோன்றும் எந்த நோவையும் முதலில் விஷம் என்றே சந்தேகிக்க வேண்டும்.

தோலே பெருவழி

வாயில் போனால்தான் விஷம் என்பது பொதுவான எண்ணம். வயலில் வேலை செய்வோர்க்கு உண்மை வேறு. எண்ணெய்க் குணமுடைய எஸ்டர் தோலை எளிதில் ஊடுருவுகிறது. அமெரிக்காவில் பாரத்தியானைக் கொண்டு மனிதரிடம் செய்யப்பட்டு 1971-ல் வெளியான ஆராய்ச்சியில், முன்கையில் தடவியதில் 100-க்கு ஏறக்குறைய 9 பங்கு உட்சென்றது; உள்ளங்கையில் 12 பங்கு; நெற்றியில் 36 பங்கு; அக்குளில் 64 பங்கு; விதைப்பையின் தோலில் ஏறக்குறைய முழுவதுமே உட்சென்றது.

நமது வழக்கத்தோடு இதைப் பொருத்திப் பார்த்தல் நலம். முதுகில் சுமக்கும் தெளிப்பானின் மூடியும் குழாயும் ஒழுகினால், திரவம் முதுகில் வழிந்து அரைத்துணியில் ஊறுகிறது. அத்துணியை அவிழ்க்காமலே மாலைவரை வேலை செய்வோர் பலர். நெற்றி வியர்வையை மருந்துபட்ட கையால் துடைப்போர் பலர். அதிகமாக உட்கொள்ளும் இடங்களிலேயே மருந்து அதிக நேரம் தங்குகிறது என்பது இதனால் விளங்கும். ஆகவே, ஒழுகும் தெளிப்பானைப் பழுதுபார்க்காமல் கூலியாளின் முதுகில் ஏற்றலாகாது. ஒரு வாஷரின் விலையை மிச்சம் பிடிப்பது உடைமையாளர்க்குப் பெருமையன்று.

தெளிக்கும் நாளில் கவனிக்கவேண்டியவை

1. லேபிளில் உள்ள சாய்சதுரத்தைப் பார்க்க வேண்டும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் விஷத்தின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கடியது, மஞ்சள் அதற்கடுத்தது, நீலம் மூன்றாவது, பச்சை எல்லாவற்றிலும் குறைந்தது. எழுத்தறியாத ஆளுக்கும் இந்நிறங்களைக் கற்பித்துவிடலாம்.

2. குறித்த அளவுக்கு மிஞ்சக் கலக்கலாகாது. 50 சதவீத மருந்தில் 2 மில்லிலிட்டரை ஒரு லிட்டர் நீரில் கலந்தால் 0.1 சதவீதக் கரைசல் ஆகும். மூடியால் தோராயமாக ஊற்றாமல் அளவுக் குவளையால் அளக்க வேண்டும். அளவை இரட்டித்தால் பூச்சி இருமுறை சாவதில்லை. செலவும் அபாயமுமே இரட்டிக்கும்.

3. கலக்குவது நீண்ட கோலால், கையால் அன்று. கலப்பவன் கட்டாயம் ரப்பர் கையுறை அணிய வேண்டும். நீர் கலவாத மருந்தைக் கையாளும் அந்தச் சில நிமிஷங்களே யாவற்றிலும் அபாயமானவை.

4. முழுக்கைச் சட்டை, கால்சட்டை, முகக்கவசம், கண்ணாடி, தலைத்துணி, ரப்பர் பூட்ஸ் ஆகியவை வேண்டும். வெயிலில் இவற்றை அணிவது கஷ்டம் என்பது மெய். ஆகையால் காலை வெயில் ஏறுமுன்னும் மாலையிலுமே தெளிக்க வேண்டும்.

5. காற்று முதுகுப்புறமிருந்து வீச வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த பயிரில் நுழைந்து அடித்தல் கூடாது. மகாராஷ்டிர மாகாணத்து யவத்மால் ஜில்லாவில் 2017-ல் ஓங்கி வளர்ந்த பருத்தியில் மருந்து அடித்தவர்களுள் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் வைத்தியசாலை சேர்ந்தனர். பல மருந்துகளை ஒன்றாகக் கலந்து அடித்ததும் அங்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது.

6. அடைபட்ட நாசிலை வாயால் ஊதலாகாது. நடுவே வெற்றிலை, புகையிலை, பீடி, உணவு எதுவும் ஆகாது. கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே நீரும் அருந்தலாம்.

7. பிள்ளைகளையும், கர்ப்பிணிகளையும், உடம்பில் புண் உள்ளவர்களையும் இவ்வேலையில் ஈடுபடுத்தலாகாது.

8. வேலை முடிந்ததும் வயலருகிலேயே சோப்பிட்டுக் குளித்து, உடைகளை மாற்ற வேண்டும். மருந்து பட்ட துணிகளை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியே சோப்பிட்டுத் துவைக்க வேண்டும். சோப்பு எண்ணெய்க் குணமுள்ள மருந்தைப் பிரித்தெடுக்கும். அதிலுள்ள காரம் எஸ்டரை உடைக்கவும் உதவும். வெறும் நீர் இவ்விரண்டையும் செய்யாது.

9. அறுவடைக்கு முன் லேபிளில் குறித்த நாட்கள் கழிய வேண்டும். தெளித்த வயலில் அன்றே புல்லறுத்து மாட்டுக்குப் போடுதல் கூடாது.

காரத்தால் உடையும் குணம் மற்றொரு வகையிலும் நினைக்கத்தக்கது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்யும் போர்டோக் கலவையோடு இம்மருந்துகளைக் கலந்தால் இவற்றின் வீரியம் கெடும். காரத்தன்மை மிகுந்த கிணற்றுநீரில் கலந்து நெடுநேரம் வைத்திருப்பினும் அவ்வாறே. ஆகையால் வேண்டிய அளவுமட்டும் கலந்து உடனே தெளித்துவிட வேண்டும்.

வைப்பதும் எறிவதும்

பெரும் விபத்துகள் சில வயலில் நேரவில்லை. உணவும் விஷமும் ஒரே இடத்தில் இருந்தமையால் நேர்ந்தன. 1958-ல் கேரளத்தில் கோதுமைமாவு உண்டவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கப்பலில் உணவுச் சரக்கோடு ஏற்றி வந்த பாரத்தியான் கசிந்து மூட்டைகளில் ஊறியதே காரணம். இந்நிகழ்ச்சியின் பயனாகவே 1968-ல் பூச்சிமருந்துச் சட்டமும், 1971-ல் அதன் விதிகளும் பிறந்தன. அதன்பின்னும் பாடம் முற்றும் கற்கப்படவில்லை. 2013 ஜூலை 16-ல் பீகாரின் சாரண் ஜில்லாவில் ஒரு பள்ளியில் மதிய உணவு உண்ட 23 பிள்ளைகள் இறந்தனர். சமையலெண்ணெயில் மானோகுரோட்டோபாஸ் கலந்திருந்ததாகப் பரிசோதனையில் வெளியாயிற்று.

ஆகவே, நெல் கொட்டிய அறையிலும், சமையலறையிலும், மாட்டுக்கொட்டிலிலும் பூச்சிமருந்தை வைக்கலாகாது. அதை உணவுச் சாமான்களோடு ஒரே வண்டியில் ஏற்றலாகாது. குடிநீர்ப் பாட்டில், எண்ணெய்ப் புட்டி, சாராயப் புட்டி ஆகியவற்றில் மாற்றி ஊற்றி வைத்தல் கொலைக்குச் சமானம். அதைக் கண்ட பிள்ளையோ, இருட்டில் தாகத்தோடு கைநீட்டிய பெரியவரோ குடித்துவிடக்கூடும். மருந்து எப்போதும் தன் லேபிளோடு தன் டப்பாவிலேயே இருக்க வேண்டும். டப்பா பூட்டிய பெட்டியிலும், சாவி பொறுப்புள்ள ஒருவரிடத்திலும் இருக்க வேண்டும். மனக்கலக்கம் மிகுந்த ஒரு நாழிகையில் கைக்கெட்டாமல் இருந்த பூட்டு ஓர் உயிரைக் காத்துவிடும். அந்த நாழிகை கடந்தபின் அவ்வெண்ணமும் பெரும்பாலும் கடந்துவிடும்.

பெட்டி வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் இருத்தல் நலம். ஓட்டுக்கூரையின் கீழ்ப் பரணிலும் தகரக் கொட்டகையிலும் வெப்பம் மிகுதி. மாலத்தியான் வெப்பத்தில் நெடுநாள் கிடந்தால் அதன் ஒரு பகுதி ஐசோமாலத்தியானாக மாறி, சரீரம் மருந்தை உடைத்துத் தப்பும் வழியையும் அடைத்துவிடுகிறது. 1976-ல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்பு வேலையில் மாலத்தியான் தெளித்த 7,500 பேரில் 2,800 பேருக்கு விஷம் ஏறி, ஐவர் இறந்ததற்கு இதுவே முக்கிய காரணமாகக் காணப்பட்டது. காலாவதியான மருந்து வீரியம் குறைந்தது என்று மட்டும் எண்ணலாகாது. விஷம் கூடியதாகவும் இருக்கலாம்.

காலி டப்பாவை மூன்றுமுறை நீர்விட்டு அலசி, அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்ற வேண்டும். பின்னர் டப்பாவை ஓட்டையிட்டு நசுக்கி, கிணறு, குளம், வாய்க்கால், குடியிருப்பு ஆகியவற்றுக்குத் தொலைவில் புதைக்க வேண்டும். உடைத்துப் புதைப்பதை 1971-ஆம் ஆண்டு விதிகளும் வற்புறுத்துகின்றன. கழுவிய டப்பாவில் தண்ணீரோ எண்ணெயோ தவிடோ வைத்தல் ஆகாது. பிளாஸ்டிக்கில் ஊறிய எஸ்டர் எத்தனை கழுவினும் முற்றிலும் நீங்காது. தரையில் மருந்து கொட்டிவிட்டால் உலர்ந்த மண்ணையோ மரத்தூளையோ தூவி உறிஞ்சவைத்து, மண்வெட்டியால் வாரிப் புதைத்து, அவ்விடத்தைச் சலவைச் சோடாக் கரைசலால் கழுவ வேண்டும்.

விஷம் ஏறியவர்க்குச் செய்யவேண்டியது

முதலில் அவரை மருந்து பட்ட இடத்திலிருந்து காற்றோட்டமான நிழலுக்கு அப்புறப்படுத்தி, உடைகளை முழுதும் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு தலைமயிர், நகக்கண் உட்பட உடம்பு முழுவதையும் கழுவ வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் பதினைந்து நிமிஷம் சுத்த நீரை வார்க்க வேண்டும். கழுவுபவரும் கையுறை அணிதல் அவசியம். இல்லையேல் விஷம் அவருக்கும் ஏறும்.

குடித்துவிட்டவரை வாந்தி எடுக்கவைக்கலாகாது. உப்புக்கரைசல், புளிக்கரைசல், பால், எண்ணெய், முட்டை ஆகியவற்றைப் புகட்டும் வழக்கம் கிராமங்களில் உண்டு, இது தீமையே. வாந்தியின்போது மருந்தும் அதன் கரைப்பானும் நுரையீரலுள் புகுந்துவிடும். நினைவு மங்கியவரை இடப்புறமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, வாயிலுள்ள எச்சிலையும் வாந்தியையும் துடைத்து, மூச்சு தடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வைத்தியர் கொடுக்கும் அட்ரோபின் போன்ற சத்து ஊமத்தையிலும் உண்டென்று கேள்விப்பட்டு அதை அரைத்துக் கொடுப்போர் இருப்பின், அவர் ஒரு விஷத்தோடு இன்னொரு விஷத்தைச் சேர்ப்பவரே.

உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிகிச்சையைத் தொடங்கிக்கொண்டு, அங்கிருந்து கோரிமேட்டுக்கோ ஜில்லா வைத்தியசாலைக்கோ கொண்டுசெல்வது நலம். மருந்து டப்பாவையோ லேபிளையோ தவறாமல் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்தால் வைத்தியரின் நேரம் வீணாகாது. அட்ரோபின் மிகுந்த சளியையும் இதயத் தளர்ச்சியையும் மாற்றும். எஸ்டரால் கட்டுண்ட நொதியை விடுவிக்கப் பிராலிடாக்ஸிம் என்னும் மருந்தை வைத்தியர் வேண்டுமிடத்துக் கொடுப்பர். நேரம் செல்லச் செல்ல அக்கட்டு இறுகி அவிழ்க்க முடியாததாகிவிடும். ஆதலால் தாமதம் ஒவ்வொன்றும் நஷ்டமே.

நோயாளி சற்றுத் தெளிந்ததும், “பிழைத்துக்கொண்டான்” என்று வீட்டுக்கு அழைத்துச் செல்ல உறவினர் அவசரப்படுவது இயல்பு. இது மிகவும் அபாயகரமானது. இலங்கை வைத்தியர்களான சேனாநாயக்க, கரல்லியெத்த ஆகிய இருவரும் 1987-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முதல் அடையாளங்கள் தணிந்தபின், ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள், கழுத்துத் தசைகளும் மூச்சுத் தசைகளும் திடீரெனத் தளர்வதைக் காட்டினர். அப்பொழுது செயற்கைச் சுவாசக் கருவி அருகில் இல்லையேல் உயிர் தங்காது. வைத்தியர் விடைகொடுக்கும்வரை நோயாளி வைத்தியசாலையிலேயே இருக்க வேண்டும். படுத்திருப்பவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்க இயலாமற் போனால் உடனே தாதியிடம் சொல்ல வேண்டும்.

கிராம அதிகாரிகளின் கடமை

லைசென்ஸ் இன்றிப் பூச்சிமருந்து விற்றல் குற்றம். லேபிள் இல்லாத புட்டியிலும், சிறு பொட்டலங்களிலும் பிரித்து விற்பதைக் கண்டால் பூச்சிமருந்து ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். விஷம் ஏறிய சம்பவங்களை இன்னார் இன்ன அதிகாரிக்கு அறிவிக்க வேண்டுமென்று விதிக்க 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. மறைக்கப்பட்ட விபத்து அடுத்த கிராமத்தில் மீண்டும் நேரும்; அறிவிக்கப்பட்டது பிறர்க்கு எச்சரிக்கையாகும். ரேஷன் கடை, சத்துணவுக் கூடம், குடிநீர்த் தொட்டி ஆகியவற்றின் அருகில் மருந்து டப்பாக்கள் கிடக்கின்றனவா என்று மாதம் ஒருமுறையேனும் பார்ப்பது பெரிய வேலையன்று.

முடிவாக

நம் மக்கள் இத்திரவங்களை ‘மருந்து’ என்றே அழைக்கின்றனர். பயிருக்கு அது மருந்தாக இருக்கலாம், மனிதருக்கு விஷமே. அதைத் தொடுமுன், தொடவேண்டிய தேவை உண்டா என்பதையே முதலில் ஆராய வேண்டும். வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணி, நஷ்டம் மருந்தின் செலவை மிஞ்சும் என்று கண்டாலன்றித் தெளிக்கலாகாது. விளக்குப்பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, வேப்பங்கொட்டைச் சாறு ஆகியவை போதுமான இடங்களில் அவையே போதும். புதுச்சேரிப் பக்கத்தார்க்குக் குரும்பாபேட் வேளாண் அறிவியல் நிலையத்தில் இவற்றைப் பற்றிய யோசனை கிடைக்கும்.

நிலமுடையவர் பெரும்பாலும் தாமே மருந்து அடிப்பதில்லை. கூலிக்கு வந்தவரே தெளிப்பானைச் சுமக்கிறார். கையுறையும், சோப்பும், பழுதற்ற தெளிப்பானும் இல்லாமல் அவரை வயலில் இறக்குவதற்கு உடைமையாளர் எவருக்கும் உரிமையில்லை. விளைச்சலைக் கணக்கிடும் கணக்குப் புத்தகத்தில், மருந்தின் விலைக்குப் பக்கத்திலேயே இச்செலவுகளும் ஒரு வரியாக எழுதப்பட வேண்டும்.